அப்பா வரமாட்டார் என்று கடவுளுக்கு முன்பே தெரியும் என்றால், அம்மா எதற்குச் செபித்தார்?

கரையோர டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். தூத்தூர் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய ஒரு கடற்கரைப் பங்கில் மறைக்கல்வி எடுக்கிறேன். (ஊர் தமிழ்நாடு, மறைமாவட்டம் திருவனந்தபுரம்.) போன ஞாயிறு பெரிய பிள்ளைகளுக்கு 'கடவுள் எல்லாம் அறிந்தவர்' என்ற பாடம். பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், ஒக்கியில அப்பா திரும்பி வரமாட்டார்னு கடவுளுக்கு முன்னாடியே தெரியும்தானே? அப்போ அம்மா ராத்திரி முழுக்க செபமாலை சொன்னது எதுக்கு?" என்று கேட்டாள். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது அவள் சின்னப் பிள்ளை. அப்பாவின் உடலும் கிடைக்கவில்லை. சாக்பீஸும் கையுமாக அப்படியே நின்றேன். "அடுத்த வாரம் சொல்றேன் மக்களே" என்றுதான் சொல்ல முடிந்தது. இடைக்காலத்து இறையியலாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள் என்று எங்கள் பங்குச் சாமியார் சொன்னார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவளிடம் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

பாறசாலை வாசகன்:
டீச்சர், ரோமானிய மெய்யியலாளர் போயத்தியுஸிலிருந்து தொடங்குங்கள். பெரிய பதவியில் இருந்தவரைத் துரோகி என்று தியோடரிக் அரசன் சிறையில் போட்டான், ஏறத்தாழ 524-இல் கொன்றும்விட்டார்கள். அந்தச் சிறையில் இருந்துதான் 'மெய்யியலின் ஆறுதல்' எழுதினார். அதன் ஐந்தாம் பகுதியில் இதே கேள்வி வருகிறது. அவர் சொல்வது, கடவுளுக்கு 'முன்பே' என்று ஒன்று கிடையாது. நமக்குத்தான் நேற்று போய் நாளை வரவேண்டும், அவருக்கு எல்லாக் காலமும் ஒருசேரக் கண்முன் இருக்கிறது. சூரியன் உதிப்பதையும் ஒருவன் நடந்துபோவதையும் நான் ஒரே நேரத்தில் பார்க்கிறேன், நான் பார்த்தேன் என்பதற்காக அவன் நடந்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் வந்துவிடுமா? 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினாஸ் இன்னும் எளிதாகச் சொன்னார்: வழியில் போகிறவனுக்குத் தன் பின்னால் வருகிறவர்கள் தெரியாது, உயரத்தில் நிற்கிறவனுக்கு வழி முழுக்க ஒரே பார்வையில் தெரியும். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்திருக்கிறீர்களா? முன்னால் போகும் ஆட்டோவும் பின்னால் வரும் பைக்கும் நமக்கு ஒன்றாகத் தெரியும். நாம் பார்ப்பதால் அவை ஓடவில்லை.

களியக்காவிளை ரப்பர்:
அண்ணே, சொன்னது சரிதான். ஆனால் டீச்சர், அந்தப் பிள்ளையிடம் பாலத்து உதாரணம் வேண்டாம். "மேலே நின்னு பார்த்தவர் ஏன் அப்பாவைக் கூப்பிடலை?" என்று கேட்பாள், கேட்க அவளுக்கு உரிமை உண்டு. போயத்தியுஸ் பதில் சொல்வது மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா என்பதற்கு. புயல் காற்றுக்கு ஏது சுதந்திரம்? அவள் கேட்டது அம்மாவின் செபம் வீணா என்று. இதை அக்குவினாஸ் தனியாகவே எடுத்துக்கொண்டார், 'இறையியல் சுருக்கம்' இரண்டாம் பாகத்தின் பின்பாதியில், 83-ஆம் கேள்வி. எது நடக்கும் என்பதை மட்டுமல்ல, எதனால் நடக்கும் என்பதையும் சேர்த்தே கடவுள் ஏற்பாடு செய்கிறார், அந்தக் காரணங்களில் நம் செயல்களும் உண்டு, செபமும் அப்படித்தான் என்கிறார். கடவுளின் மனத்தை மாற்றுவதற்காக நாம் செபிப்பதில்லை, செபத்தின் வழியாகத் தரவேண்டும் என்று அவர் வைத்திருப்பதைப் பெறுவதற்காகச் செபிக்கிறோம். எங்கள் வீட்டில் ரப்பர் வெட்டு. மரத்தில் பால் இருக்கிறது என்று தெரிந்ததால் யாரும் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை, விடியுமுன் போய் வெட்டினால்தான் சிரட்டையில் சொட்டும்.

ஆனால் இதுவும் பாதிதான், அவளுடைய அப்பா வரவில்லையே. கேட்டதெல்லாம் அப்படியே கிடைக்கும் என்று அக்குவினாஸ் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

கோட்டாறு அக்கா:
'உடலும் கிடைக்கவில்லை' என்ற இடத்தில் எனக்கு அகுஸ்தினார்தான் நினைவுக்கு வந்தார். வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்தவர், காலத்தால் இவர்களுக்கு முந்தியவர், ஆனால் இவர்கள் எல்லாரும் படித்து வளர்ந்தது அவரைத்தான். 410-இல் ரோம் சூறையாடப்பட்டபோது எத்தனையோ உடல்கள் அடக்கம் இல்லாமல் கிடந்தன. அடக்கம் கிடைக்காததால் விசுவாசிகளுக்கு எந்த இழப்பும் இல்லை என்று 'கடவுளின் நகரம்' முதல் பகுதியிலேயே எழுதினார். பிறகு நோலா ஆயர் பவுலீனுஸ், புனிதரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தால் இறந்தவருக்குப் பலன் உண்டா என்று கேட்டார். இடத்தால் பலன் இல்லை, அங்கே போகும்போது அவரை நினைத்துச் செபிக்கிறோமே, அதுதான் பலன் என்பது இவர் பதில். அகுஸ்தினாரின் அம்மா மோனிக்கா ஊரில் கணவர் பக்கத்தில் கிடக்கவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசைப்பட்டவர். 387-இல் ஓஸ்தியாவில், வீட்டை விட்டு வெகு தூரத்தில் சாகும்போது, உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொண்டால் போதும் என்றார்.

அந்தப் பிள்ளையின் அம்மா செபமாலையை இப்போதும் விடவில்லையா, டீச்சர்?

கரையோர டீச்சர்:
விடவில்லை அக்கா. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறைக்குப் போகும்போது அவர்கள் இரண்டு பேரும் கடற்கரை மணலில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். காற்றில் அணையாமல் இந்தப் பிள்ளை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருப்பாள், அம்மா செபமாலை சொல்லி முடிக்கும்வரை.

இந்த ஞாயிறு மோனிக்காவைச் சொல்கிறேன். அக்குவினாஸையும் சொல்கிறேன், ரப்பர் தம்பி சொன்ன அந்தப் பாதியோடு சேர்த்து. பாலத்தை அவளாகக் கேட்டால் பார்க்கலாம்.