படித்த கதைக்குள் விளையாடப் போனவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பழைய மாணவி:
கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் எங்களுக்குப் பாடம். அதில் ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியா நீரில் மூழ்கிச் சாவதுகூட மேடையில் நடக்காது. அரசி வந்து சொல்லித்தான் தெரியும். தேர்வில் அவளைப் பற்றி நான்கு வரி எழுதியதோடு சரி.

பல ஆண்டுகள் கழித்து, 2019இல் வெளியான ‘எல்சினோர்’ வீடியோ கேமை விளையாடினேன். அதில் நாம்தான் ஒஃபீலியா. வரப்போகும் சாவுகள் கனவில் தெரிந்துவிடுகின்றன. ஆனால் கையில் வாள் கிடையாது. ஒட்டுக்கேட்டதை இன்னொருவர் காதில் போடலாம், அவ்வளவுதான். கதை நான்கு நாள்களுக்குள் சுழல்கிறது. செத்தால் மறுபடி முதல் நாள். திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து குத்துப்படப்போகும் அப்பாவைத் தடுக்கக் கோட்டையெங்கும் ஓடினேன். நேரமோ நமக்காக நிற்பதில்லை. நான் ஓர் அறையில் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் ஏதோ நடந்து முடிந்துவிடும். மேடையில் இல்லாத நேரமெல்லாம் இந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அந்த நான்கு வரி விடைத்தாள் நினைவுக்கு வந்து கூசியது.

இதற்கு நேர்மாறு, 2010இல் வந்த ‘தாந்தேஸ் இன்ஃபெர்னோ’. தாந்தே தன் நரகப் பயணத்தைப் பாடிய மூலக் கவிதையில் அவர், வழிகாட்டியான பழைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் பின்னால் நடுங்கியபடி நடக்கும் கவிஞர். இரக்கம் தாளாமல் மயங்கியே விழுகிறார். விளையாட்டிலோ அவர் சிலுவைப் போர் வீரர். மரணத்திடமே பறித்த அரிவாளால் எதிர்ப்பட்டவர்களை வெட்டித் தள்ளுகிறார். பெயரை வைத்துக்கொண்டு ஆளை மாற்றிவிட்டார்கள். நரகத்தின் இரண்டாம் வட்டத்தோடு மூடிவைத்தேன்.

விறகுவெட்டி:
அதை அவ்வளவு திட்டாதீர்கள். நரகத்துக்கு ஒன்பது வட்டங்கள் என்பதே எனக்கு அந்த விளையாட்டில்தான் தெரியும். பிறகுதான் கவிதையைத் தேடிப் படித்தேன். (படித்ததும் உங்கள் கோபம் புரிந்தது என்பது வேறு கதை.)

என்னைக் கட்டிப்போட்டது, காட்டுக் குளக்கரையில் எளிமையாக வாழ்ந்ததைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் தோரோ எழுதிய நூலிலிருந்து 2017இல் உருவான ‘வால்டன்’. எல்லா விளையாட்டிலும் செய்வதுபோல விறகையும் உணவையும் சேர்த்துக் குவித்தேன். காடு வெளிறத் தொடங்கியது. திரையில்தான் கோளாறு என்று வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன்! ஓயாமல் உழைத்தால் அதில் மன எழுச்சி வற்றி, உலகின் நிறமே மங்கிவிடும். பறவை ஒலி கேட்பது, புத்தகம் வாசிப்பது, தனிமையில் இருப்பது என்றுதான் மீட்க வேண்டும். கோடரியை வைத்துவிட்டுக் குளக்கரையில் சும்மா நின்றேன். பச்சை மெல்லத் திரும்பியது.

தட்டச்சுத் தாத்தா:
நீங்கள் எல்லாரும் நேற்று வந்தவர்கள். நான் டோல்கீனின் நாவலிலிருந்து 1982இல் வந்த ‘தி ஹாபிட்’ ஆடியவன். வாக்கியத்தைத் தட்டச்சு செய்தால்தான் ஆள் நகரும். உடன்வரும் குள்ளர்களின் தலைவர் தோரின் நம் பேச்சைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தப்பிக்க வழி தேடி நான் வாக்கியம் வாக்கியமாகத் தட்டிக்கொண்டிருப்பேன். அவர் உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாடத் தொடங்கிவிடுவார்.