வழுவா வரத்தோடு அறிவிக்கப்படாத போதனைக்கு விசுவாசி எந்த அளவுக்குக் கட்டுப்பட்டவர்?

கேள்வி

எங்கள் மறைக்கல்விக் குழுவில் எழுந்த ஒரு வாக்குவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. திருத்தந்தை வழுவா வரத்தோடு, அதாவது பிழையே நேராதபடி கடவுள் காக்கும் அதிகாரத்தோடு, அறிவித்தவை 1854-இல் மரியாவின் அமல உற்பவமும் (பிறப்புநிலைப் பாவமின்றிக் கருவானது) 1950-இல் அவருடைய விண்ணேற்பும் ஆகிய இரண்டு மட்டுமே என்றும், மற்றவை மதிக்கத்தக்க கருத்துகளே தவிர நம்மைக் கட்டுப்படுத்துபவை அல்ல என்றும் ஒருவர் சாதித்தார். விமானப் பயணத்தில் செய்தியாளர்களுக்குத் திருத்தந்தை சொல்லும் பதில்கூடக் கத்தோலிக்கருக்குக் கட்டளைதான் என்றார் இன்னொருவர். இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன. ஆனால் பிழை எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

சகோதரரே, முதலாமவரின் கணக்கிலேயே கோளாறு இருக்கிறது. அவர் சொல்லும் இரண்டும், திருத்தந்தை தனியொருவராகப் பேதுருவின் திருப்பீடத்திலிருந்து, அதாவது தம் முழுப் போதனை அதிகாரத்தோடு, வரையறுத்த கோட்பாடுகளுக்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். ஆயர்கள் கூடும் பொதுச்சங்கங்களும் வழுவாமல் வரையறுப்பதுண்டு: மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்பதை 325-இல் நீசேயா பொதுச்சங்கமும், கிறிஸ்து ஒரே ஆள், இரு இயல்புகள் கொண்டவர் என்பதை 451-இல் கல்செதோன் பொதுச்சங்கமும் வரையறுத்தன. இவை "இரண்டு மட்டுமே" என்ற பட்டியலில் இல்லை என்பதற்காக உங்கள் நண்பர் இவற்றையும் வெறும் கருத்து என்று ஒதுக்கிவிடுவாரா? இவை தவிர, உலகெங்கும் பரவியிருக்கும் ஆயர்கள் திருத்தந்தையோடு ஒன்றித்திருந்து, ஒன்றை இறுதியாக ஏற்க வேண்டியது என்று ஒருமனதாகப் போதிக்கும்போதும் அப்போதனை வழுவாதது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 25-ஆம் எண் கூறுகிறது. இதற்குச் சடங்கும் அறிவிப்பும் தேவையில்லை. அதனாலேயே இதை அடையாளம் காண்பது கடினம். வழுவாமல் வரையறுக்கப்பட்டது என்பது தெளிவாக நிலைநாட்டப்படாத எதையும் அப்படிக் கருதக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் 749 எச்சரிப்பதும் இந்தச் சிக்கலை உணர்ந்துதான்.

திருச்சபைப் பொறுப்பேற்போர் சொல்லும், 1989 முதல் வழக்கிலுள்ள விசுவாச அறிக்கையில், திருப்பலியில் சொல்லும் நம்பிக்கை அறிக்கையை அடுத்து மூன்று பத்திகள் சேர்க்கப்பட்டுள்ளன. திருத்தொண்டராகும் முன் நானும் அவற்றை வாசித்தேன். அதோடு சொல்லப்படும் பிரமாணிக்க வாக்குறுதியின் முடிவில் நற்செய்தி நூலின்மேல் கை வைத்தேன். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு மூன்று பத்திகளும் ஒன்றுபோலவே ஒலித்தன. பல ஆண்டுகள் கழித்து இலத்தீன் மூலத்தின் வினைச்சொற்களைப் பார்த்த பிறகே வேறுபாடு பிடிபட்டது. கடவுள் வெளிப்படுத்தியவை என்று திருச்சபை முன்வைப்பவற்றை முதல் பத்தியில் "விசுவசிக்கிறேன்" என்கிறோம். விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி இறுதியாக முன்வைக்கப்படுபவற்றை இரண்டாம் பத்தியில் "ஏற்றுப் பற்றிக்கொள்கிறேன்" என்கிறோம். இறுதியானது என்ற நோக்கமின்றித் திருத்தந்தையோ ஆயர் குழாமோ அதிகாரத்தோடு போதிப்பவற்றை மூன்றாம் பத்தியில் மனத்தாலும் அறிவாலும் "பணிவோடு சார்ந்து நிற்கிறேன்" என்கிறோம். உங்கள் நண்பர் வெறும் கருத்து என்று தள்ளுபவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றாம் பத்திக்குள் வருகிறது. விசுவாச இசைவை அங்கே யாரும் கேட்பதில்லை. அதற்காக விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதற்குப் பொருளில்லை.

மறுமொழி 2

இந்தப் பணிவு என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். இலத்தீன் மூலத்தில் இதற்குரிய "ஒப்ஸெக்வியும்" என்ற சொல்லைச் சிலர் கீழ்ப்படிதல் என்றும் சிலர் மரியாதை என்றும் பெயர்க்கிறார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சிறியதல்ல. கருத்தடை பற்றிய திருத்தந்தையின் 1968-ஆம் ஆண்டுச் சுற்றுமடலைச் செய்தியாளர்களிடம் அறிமுகப்படுத்தியவரே அது வழுவா வரத்தோடு வந்த அறிக்கையல்ல என்றார். கையைக் கட்டுப்படுத்தலாம், வாயைக் கூட அடக்கிவிடலாம். அறிவை எப்படி ஆணையிட்டு இசைய வைப்பது? மனச்சான்று என்று ஒன்று இருக்கிறதே.

மறுமொழி 3

நியாயமான கேள்வி. இதற்கு விரிவான பதில், இறையியலாரின் அழைத்தலைப் பற்றி போதனைகளைக் கண்காணிக்கும் வத்திக்கான் அமைப்பான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1990-இல் வெளியிட்ட அறிவுறுத்தலில் இருக்கிறது. போதனையின் காரணங்கள் தமக்கு ஏற்புடையவையாகத் தோன்றவில்லை என்று ஒருவர் தவிப்பதையும், திருச்சபைக்கு எதிராகப் பொதுவெளியில் அணி திரட்டுவதையும் அது வேறுபடுத்துகிறது. முதலாவதை அது குற்றமாகப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர் தம் நிலைப்பாட்டை மறுபடி சோதித்துப் பார்த்து, தம் ஐயங்களைப் பொறுப்பிலுள்ளவர்களிடம் தெரிவிக்கட்டும் என்கிறது. இன்ன முடிவுக்கு வா என்று அறிவை அங்கே யாரும் வற்புறுத்தவில்லை. போதிப்பவருக்குச் சாதகமாக நினைத்து, பிழை தன்னிடம் இருக்கக்கூடும் என்று தொடங்கு என்பதே எதிர்பார்ப்பு. காலச்சூழலை ஒட்டி விவேகத்தால் எடுக்கப்பட்ட சில தலையீடுகளில் குறைகள் இருந்ததுண்டு என்பதையும் அதே அறிவுறுத்தல் ஒப்புக்கொள்கிறது. இதை மேற்கோள் காட்டுவோர் குறைவு; ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை.

மரணதண்டனையை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு 1992-இல் அதற்கு இடமளித்தது. 2018-இல் திருத்தந்தை பிரான்சிசு அந்த ஏட்டின் 2267-ஆம் எண்ணை, மரணதண்டனை ஏற்க முடியாதது என்று மாற்றி எழுதச் செய்தார். அந்த 26 ஆண்டுகளும் நேர்மையான விசுவாசி அன்றிருந்த வாசகத்துக்கே பணிவு காட்டினார், அதில் தவறில்லை. மூன்றாம் பத்தி கேட்பது இத்தகைய இசைவையே: உண்மையான இசைவு, ஆனால் மாற்றமே வராது என்ற உறுதியை உள்ளடக்காத இசைவு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் விமானத்தில் சொன்ன பதில் எந்தப் பத்தியில் சேரும்? பெண்களுக்குக் குருத்துவத் திருநிலைப்பாடு இல்லை என்ற 1994-ஆம் ஆண்டுத் திருத்தூது மடல் எதில் சேரும்? அடுத்த கூட்டத்தில் இவ்விரண்டையும்தான் கேட்பார்கள்.

மறுமொழி 1-ஐ எழுதியவர்

திருத்தந்தையின் மனத்தை அறிய, நான் முன்பு சொன்ன இரண்டாம் வத்திக்கான் சங்க ஆவணத்தின் அதே 25-ஆம் எண் மூன்று அடையாளங்களைத் தருகிறது: ஆவணத்தின் தன்மை, ஒரே போதனை எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது, சொல்லும் விதம். விமானப் பதில் ஆவணமே அல்ல, பெரும்பாலும் ஒருமுறை சொல்லப்படுவது, உரையாடலாகச் சொல்லப்படுவது. ஏற்கெனவே போதிக்கப்பட்டதை அதில் அவர் எடுத்துச் சொன்னால் கட்டுப்படுத்துவது அந்தப் போதனையே, பேட்டி அல்ல.

1994 மடல் இரண்டாம் பத்தியைச் சேர்ந்தது. அது திருப்பீடத்திலிருந்து செய்த புதிய வரையறை அல்ல. ஆயர்களின் வழக்கமான, உலகளாவிய போதனையால் ஏற்கெனவே வழுவாது கற்பிக்கப்பட்டது என்று 1995-இல் பேராயம் பதிலளித்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. போதனை வழுவாதது என்று சொல்லும் அந்தப் பதில் தன்னளவில் வழுவா வரம் உடையதல்ல. சட்டம் 749 கேட்கும் "தெளிவாக நிலைநாட்டப்படுதல்" இதில் நிறைவேறியதா என்று இறையியலார் வாதிடுவது இந்த இடைவெளியில்தான். உங்கள் குழு அதற்குள் இறங்கினால் ஒரு மாலைப்பொழுது போதாது.