போஸ்டர் வைத்தால் காப்புரிமை போகுமா? "12 மாசம் இருக்கு" என்று கிளப்பிவிட்டவருக்கு

அடிக்குறிப்பு:
ஆய்வைத் தொழிலாக்குவது பற்றிய இழையில் 'குடுவை' எழுதியது இது: "தொழில்முனைவு மனசு வேணும்னா முதல்ல வெளியே காட்டணும். மாநாட்டில் போஸ்டர் வைங்க, நாலு பேர் பார்க்கட்டும். பேட்டன்ட் போட அப்புறம் 12 மாசம் இருக்கு." இதுக்குக் கீழே வரிசையாகப் பாராட்டு வேற.

எந்த ஊர்ல இருக்கு அந்த 12 மாசம்? அமெரிக்காவில் இருக்கு, சரி. ஐரோப்பாவில் இல்லை. விண்ணப்பத் தேதிக்கு முந்தின நாள் வரை எந்த வழியில் வெளியானாலும் புதுமை போச்சு, புதுமை இல்லைன்னா காப்புரிமையும் இல்லை. அங்கே இருக்கிற 6 மாத விலக்கு இரண்டே காரணத்துக்கு: யாரோ துரோகமாக வெளியிட்டிருக்கணும், இல்லை அங்கீகாரம் பெற்ற சர்வதேசக் கண்காட்சியில் வைத்திருக்கணும். சீனாவில் 6 மாசம், அதுவும் குறுகிய வாசல். ஜப்பானில் 12 மாசம் உண்டு, ஆனால் விண்ணப்பத்தோடு கேட்கணும், 30 நாளுக்குள் சான்று கொடுக்கணும். இந்தியாவில் அறிவியல் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கும் அரசு அறிவித்த கண்காட்சிக்கும் மட்டும் 12 மாசம்.

இதில் ஒண்ணையாவது பார்த்துட்டுத்தான் எழுதினீங்களா?

குடுவை:
சட்டப் புத்தகத்தோடு வந்துட்டார் நம்ம அடிக்குறிப்பு. போஸ்டர் என்பது வெளியீடே இல்லை ஐயா. ஒரு பலகையில் சில மணி நேரம் தொங்கும், கழட்டிச் சுருட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்க. பிரதி கிடையாது, நூலகத்தில் கிடையாது.

12 மாசம் போதாதுன்னு சொல்ற உங்களுக்கு ஓர் உதாரணம்: மரபணு ஒட்டும் முறையைக் கண்டுபிடிச்ச விஞ்ஞானிகள் கோஹனும் பாயரும். கட்டுரை 1973 நவம்பர். விண்ணப்பம் 1974 நவம்பர். கடைசி வாரத்தில் போட்டாங்க. லைசென்ஸ் வருமானம் 25 கோடி டாலருக்கு மேல். வேற என்ன வேணும்?

அடிக்குறிப்பு:
அந்த 25 கோடியில் வெளிநாட்டுக் காப்புரிமையில் வந்தது எவ்வளவு? பூஜ்யம். கட்டுரை முதலில் வந்ததால் அமெரிக்காவுக்கு வெளியே உரிமை மொத்தமாகப் போச்சு. நீங்க வெற்றிக் கதையாகச் சொல்றது பாதி இழந்த கதை.

அடுத்து போஸ்டர். க்ளோப்ஃபென்ஸ்டைன் வழக்கு, அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், 2004. 14 தாள்கள், மாநாட்டில் இரண்டரை நாள், பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு நாளுக்கும் குறைவு. பிரதி ஒண்ணுகூடக் கொடுக்கலை, எந்த நூலகத்திலும் இல்லை. நீதிமன்றம் "அச்சு வெளியீடு" என்றே எடுத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் தொங்கியது, பார்த்தவர்கள் துறை தெரிந்தவர்களா, நகலெடுக்காதீர்கள் என்று அறிவிப்பு இருந்ததா, நகலெடுப்பது சுலபமா, இந்த நாலைத்தான் பார்த்தாங்க. நீங்க சொன்ன "பிரதி கிடையாது, நூலகத்தில் கிடையாது" அங்கேயே தோத்துப்போன வாதம்.

குடுவை:
அந்த வழக்கில் விண்ணப்பம் இரண்டு வருஷம் கழிச்சுப் போட்டது! 12 மாசத்துக்குள் போட்டிருந்தா போஸ்டரால் ஒண்ணும் ஆகியிருக்காது. வசதியாக அதை விட்டுட்டீங்க. 12 மாசம் இருக்கு. மறுபடியும் சொல்றேன், இருக்கு.

அடிக்குறிப்பு:
அமெரிக்காவில் இருக்கு. அமெரிக்காவில் மட்டும்தான் விற்பீங்களா?

முதல்ரசீது:
ரெண்டு பேரும் யார் வாங்குவாங்கன்னு ஒரு வரி பேசலை. தொழில்முனைவு மனசு பற்றிய இழை இது. அமெரிக்காவில் 2011ல் தேசிய அறிவியல் அறக்கட்டளை தொடங்கின ஐ-கோர் பயிற்சியில் ஆய்வாளர்களை 100 வாடிக்கையாளர்களோடு பேச வைக்கிறாங்க. "இதை வாங்குவீங்களா" என்று கேட்கக்கூடாது, மரியாதைக்கு ஆமான்னு சொல்லிடுவாங்க. கேட்க வேண்டியது: இந்தச் சிக்கல் கடைசியாக எப்போ வந்தது, என்ன செஞ்சு சமாளிச்சீங்க, அதுக்கு எவ்வளவு போச்சு, அந்தச் செலவுக்கு யார் கையெழுத்து. உபயோகிக்கிறவர் ஒருத்தர், காசு கொடுக்கிறவர் இன்னொருத்தர், வேண்டாம்னு தடுக்கிறவர் மூணாவது ஆள். மூணு பேரையும் பார்க்காம பேட்டன்ட் போட்டா, யாருக்கும் வேண்டாத பொருளுக்குப் பூட்டு வாங்கின மாதிரி.

இன்னொண்ணு. அவசரப்பட்டு விண்ணப்பம் போட்டா கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ப்ரொவிஷனல் (தேதி பிடிக்கப் போடற தற்காலிக விண்ணப்பம்) போட்ட நாளிலிருந்து 12ஆம் மாசம் முழு விண்ணப்பம், சர்வதேச விண்ணப்பமும் அதே கெடுவுக்குள். 18ஆம் மாசம் விண்ணப்பம் வெளியாகி உலகமே படிக்கும். 30ஆம் மாசம் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக, மொழிபெயர்ப்போடு கட்டணம். பொருள் வேலை செய்யறதுக்கு முன்னாடியே பெரிய செலவு வந்து நிற்கும். இதை அடிக்குறிப்பு ஒருநாளும் சொல்லமாட்டார்.

அடிக்குறிப்பு:
சொல்றேன், குறிச்சுக்குங்க. ப்ரொவிஷனல் வெளியாகாது. வெளியே ஒண்ணும் காட்டாம இருந்தா, 12 மாசத்துக்குள் கைவிட்டுட்டுப் புதுசாகப் போடலாம். தேதி பின்னால போகும், புதுமை போகாது. ஆனா நடுவில் ஒரு போஸ்டர் வெச்சிருந்தா அந்தக் கதவும் சாத்திடும். எல்லாம் அங்கேதான் வந்து நிக்குது.

உங்க 100 பேர் பேட்டியும் அதே குழிதான். ரகசியம் காக்கக் கடமைப்படாத ஒரே ஒருத்தரிடம் முறையை விளக்கினாலும் ஐரோப்பாவில் அது வெளியீடு. சிக்கலைப் பற்றிக் கேளுங்க, தீர்வைப் பற்றி வாய் திறக்காதீங்க. முடிஞ்சா முதல்ல ப்ரொவிஷனல், அப்புறம் பேட்டி.

முதல்ரசீது:
நல்ல பேட்டி எடுக்கிறவன் தீர்வைச் சொல்லவே மாட்டான். நான் எழுதின நாலு கேள்வியில் தீர்வு எங்கே இருக்கு? படிக்காம பதில் போடறது உங்க வழக்கம். உரிமைப்பங்கு பற்றின இழையிலயும் இதையேதான் செஞ்சீங்க.

அடிக்குறிப்பு:
அந்த இழையில் ஆதாரம் கேட்டேன், நீங்க பதில் சொல்லாம போனீங்க. அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கொதிகலன்:
வேதியியல் பக்கம் ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். ஒரு லிட்டர் குடுவையில் வந்த முடிவை வெச்சு விண்ணப்பம் எழுதறாங்க. அதை அதே வடிவத்தில் 1000 லிட்டர் கலனாக்கினா கொள்ளளவு 1000 மடங்கு, சுவர்ப் பரப்பு 100 மடங்குதான். ஒவ்வொரு லிட்டருக்கும் வெப்பம் வெளியேற வழி பத்தில் ஒண்ணு. வெப்பம் கக்கும் வினையில் குடுவையில் பத்து நிமிஷத்தில் ஊத்தினதைக் கலனில் மணிக்கணக்கில் சொட்டு சொட்டாக விடணும். அந்த நேரத்தில் பக்க வினை வளரும், கசடு ஏறும், வடிகட்டி அடைக்கும். வெப்பநிலை வரம்பும் சேர்க்கும் வேகமும் குடுவைக்கு மட்டும் எழுதியிருந்தா, கடைசியில் ஆலையில் ஓடற முறை உங்க க்ளெய்முக்கு (விண்ணப்பத்தில் உரிமை கேட்கும் பகுதிக்கு) வெளியே நிக்கும். 12 மாசமா 6 மாசமா என்பது அப்புறம்.

குடுவை:
அதேதான்! அதனாலதான் சீக்கிரம் விண்ணப்பம் போடறது வீண். வெளியே காட்டு, கருத்து வாங்கு, கலன் அளவுக்குச் செஞ்சு பார், 12 மாசத்துக்குள் போடு.

கொதிகலன்:
நான் அதைச் சொல்லலை. என் வாயில் வார்த்தை வைக்காதீங்க.

அடிக்குறிப்பு:
கலன் அளவுக்குப் போக 12 மாசம் போதும்னு யார் சொன்னது? ப்ரொவிஷனலில் வரம்பு, மாற்றுப் பொருள், எந்த இடத்தில் வினை கெடும் என்பது வரை எழுதணும். மாநாட்டுச் சுருக்கத்தை அப்படியே ஒட்டிக் கொடுத்தா அதில் இருக்கிற அளவுக்குத்தான் அந்தத் தேதி கிடைக்கும். பிறகு சேர்த்ததுக்குப் புதுத் தேதி. அதுக்குள் உங்க போஸ்டரே உங்களுக்கு எதிர்ச் சான்றாக நிக்கும். மாநாட்டு நாளுக்கு வாரங்கள் முன்னாடியே சுருக்கத் தொகுப்பு இணையத்தில் ஏறிடும், அதையும் எண்ணிக்குங்க. தீசிஸும் அப்படித்தான். 1986ல் ஹால் வழக்கில், ஜெர்மனியின் ஒரு நூலக அட்டவணையில் ஏறின ஒரே ஒரு தீசிஸ் போதும்னு தீர்ப்பு.

குடுவை:
நீங்க சொல்றபடி நடந்தா எவனும் வாயே திறக்கமுடியாது. கோலரும் மில்ஸ்டைனும் 1975ல் ஒற்றை எதிர்ப்பொருள் (மோனோக்ளோனல் ஆன்டிபாடி) முறையைக் காப்புரிமை இல்லாமலே வெளியிட்டாங்க. அதன் மேல் எத்தனை மருந்து நிறுவனங்கள் நிக்குது? உலகம் கெட்டுப்போச்சா?

அடிக்குறிப்பு:
உலகம் கெடலை. ஆனா அந்த முறையை வெச்சுப் புற்றுக்கட்டி, வைரஸ் எதிர்ப்பொருள்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினது வேற குழு. கண்டுபிடிச்சவங்க ஒரு பக்கம், காகிதம் வெச்சிருந்தவங்க இன்னொரு பக்கம். உங்க உதாரணம் ஒவ்வொண்ணும் என் பக்கம்தான் சாயுது.

முதல்ரசீது:
காப்புரிமை இருந்தா நீங்க செய்யலாம்னு அர்த்தம் இல்லை, மத்தவனைத் தடுக்கலாம்னுதான் அர்த்தம். அடியில் வேறொருத்தர் உரிமை இருந்தா உங்க பொருளை நீங்களே விற்க முடியாது. அப்படி உரிமை இருக்கான்னு தேடிப் பார்க்காம தேதியைப் பிடிச்சுத் தொங்கறீங்க.

அடிக்குறிப்பு:
தேடல் வேண்டாம்னு நான் எங்கே சொன்னேன்? வரியைக் காட்டுங்க.

கொதிகலன்:
அதைவிட அதிகம் கெடுக்கிறது விண்ணப்பத்தில் போடற இன்வென்டர் (கண்டுபிடிப்பாளர்) பட்டியல். கட்டுரையில் கடைசிப் பெயராகக் கைடையும் துறைத் தலைவரையும் போடற பழக்கத்தில் விண்ணப்பத்திலும் போட்டுடறாங்க. க்ளெய்மில் இருக்கிற யோசனைக்குப் பங்களிக்காதவர் பெயர் இருந்தாலும், பங்களிச்ச மாணவர் பெயர் விட்டுப்போனாலும் அமெரிக்காவில் காப்புரிமையையே தாக்கலாம். முதலீட்டாளரின் வக்கீல் முதலில் நோட்டுப் புத்தகத்தையும் பட்டியலையும்தான் ஒப்பிடுவார்.

குடுவை:
கைடு பணம் கொண்டுவந்து, கருவி வாங்கி, இடம் கொடுத்தா பெயர் போடக்கூடாதா? நல்லா இருக்கு நியாயம்.

கொதிகலன்:
நன்றியுரையில் போடுங்க. க்ளெய்ம் ஒண்ணில் எந்த வரி அவர் யோசனைன்னு காட்ட முடிஞ்சா விண்ணப்பத்தில் போடுங்க.

குடுவை:
தலைப்பே அவர் கொடுத்ததுதானே?

அடிக்குறிப்பு:
தலைப்பு கொடுத்தவர் இன்வென்டர் ஆகமாட்டார். இதுக்கும் தீர்ப்பு வேணும்னா தனி இழை திறங்க, வரேன்.