எடுத்துவிட்ட காலில் அப்பாவுக்கு வலி, இது நரம்பா, மூளையா, மனசா?

கயல்விழி:
அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரைப் புண் ஆறாமல் போய், ஏழு வாரத்துக்கு முன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தையல் போட்ட இடம் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "பெருவிரலை யாரோ மடக்கிப் பிடிச்சிருக்காங்க, பிரிச்சு விடும்மா" என்கிறார். இல்லாத விரலை எப்படிப் பிரிப்பது? நேற்று போர்வை தட்டையாகக் கிடக்கும் அந்த இடத்தைச் சும்மா தடவிக் கொடுத்தேன், கொஞ்சம் அடங்கியது என்றார், அம்மா அழுதுவிட்டார். சொந்தக்காரர்கள் மனசு பாதித்திருக்கிறது, மந்திரிக்க வேண்டும் என்கிறார்கள். அப்பாவோ பால் கணக்கு வரை தெளிவாகச் சொல்கிறார். யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

செல்வி (பிசியோ):
மந்திரிக்க எதுவும் இல்லை கயல், அப்பா சொல்வது அத்தனையும் உண்மையான வலி. கால் எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கால் இன்னும் இருப்பது போலவே தோன்றும், அதில் நிறைய பேருக்கு வலியும் வரும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களைப் பார்த்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-லேயே இதற்கு "மாய உறுப்பு" என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார்.

நம் மூளையின் மேற்பரப்பில் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. கைக்கு ஒரு இடம், உதட்டுக்கு ஒரு இடம், பாதத்துக்கு இரண்டு அரைக்கோளங்களும் ஒட்டி நிற்கும் உள்மடிப்பில் ஒரு இடம். கத்தி காலைத்தான் எடுத்தது, அந்த இடத்தை எடுக்கவில்லை. பாதத்திலிருந்து தகவல் வருவது நின்றுபோனாலும் அந்தப் பகுதி உயிரோடு வேலை செய்துகொண்டே இருக்கும், அங்கே எழும் எந்தச் சலனத்தையும் மூளை "பாதம்" என்றுதான் படிக்கும்.

இளங்கோ:
செல்வி மேடம் சொன்னது சரி, ஆனால் எல்லாமே மூளையில்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், "அப்ப நானா கற்பனை பண்றேன்?" என்று மனம் உடைந்துபோவார். எனக்கு 11 வருடத்துக்கு முன் விபத்தில் இடது கை முழங்கைக்கு மேலே போனது. அறுபட்ட நரம்பு சும்மா இருப்பதில்லை, வளரப் பார்க்கும், போக வழியில்லாமல் நுனியில் சிக்கு விழுந்த நூல் மாதிரி சுருண்டு முடிச்சாகிவிடும். எனக்கு அந்த முடிச்சைத் தொட்டாலே இல்லாத சுண்டுவிரல் வரை மின்சாரம் அடிக்கும். தண்டுவடமும் தன் பங்குக்குச் சத்தத்தைக் கூட்டிவிடும். ஆக நுனி, தண்டுவடம், மூளை மூன்றும் சேர்ந்த கதை இது.

இன்னொன்று. இடது கன்னத்தில் சவரம் செய்யும்போது எனக்குக் கட்டைவிரலில் பிளேடு ஓடும். பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை, பயம். அப்புறம்தான் வி.எஸ்.ராமச்சந்திரன் என்ற மூளை ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன், நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியா போனவர். கை இழந்த ஒருவரின் முகத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டால் அவர் இல்லாத விரல்களில் உணர்ந்திருக்கிறார். வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கை காலி செய்த இடத்தில் முகம் குடியேறிவிட்டது என்பது அவர் விளக்கம், இதை மறுக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எப்படியோ, எனக்கு ஒன்றும் பைத்தியம் இல்லை என்று தெரிந்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

கயல்விழி:
இளங்கோ அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவருக்கும் இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டார். மடங்கிய விரலைப் பிரிக்க ஏதாவது வழி உண்டா?

செல்வி (பிசியோ):
உண்டு, கண்ணாடி. இதுவும் ராமச்சந்திரன் கண்டுபிடித்ததுதான். மூளை "விரலை மடக்கு" என்று கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, மடங்கியதா விரிந்ததா என்று பதில் சொல்லக் கால் இல்லை. அந்தப் பதிலைக் கண் வழியாகக் கொடுத்துப் பார்க்கிறோம். கட்டிலில் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு நீளக் கண்ணாடியை நிறுத்தி, அதன் முகம் நல்ல கால் பக்கம் இருக்கட்டும், எடுத்த கால் பின்னால் மறைந்துவிட வேண்டும். அப்பா கண்ணாடியைப் பார்த்தபடி இடது விரல்களை மெதுவாக மடக்கி விரிக்க வேண்டும், கூடவே வலதையும் விரிப்பதாக நினைக்க வேண்டும். 2007-ல் வெளியான ஒரு ஆய்வில் கால் இழந்த அமெரிக்கச் சிப்பாய்கள் தினமும் 15 நிமிடம், நான்கு வாரம் செய்தார்கள், கண்ணாடி பார்த்த குழுவில் வலி நன்றாகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், எல்லோருக்கும் பலிக்காது. தலைசுற்றினாலோ வலி கூடினாலோ நிறுத்திவிடுங்கள். நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவரிடம் "இல்லாத விரல் வலிக்கிறது" என்று இதே வார்த்தையில் கேளுங்கள்.

இளங்கோ:
ஒன்று விட்டுவிட்டோம். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கால் இருக்கிறது என்றே நம்பி எழுந்து ஊன்றப் போவார். கட்டிலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு வையுங்கள், சின்ன விளக்கு ஒன்று எரியட்டும்.

கயல்விழி:
இன்று பீரோ கதவுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தோம். அப்பா ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் இரண்டு பாதத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் இன்னும் பிரியவில்லை என்கிறார், நாளைக்கும் வைக்கச் சொல்லியிருக்கிறார். நாற்காலியும் போட்டாயிற்று அண்ணா.