ஃபியோனை ஏன் மாற்ற முடியவில்லை? தாத்தாவின் கோபம் இன்னும் தீரவில்லை

வில்லியனூரான்:
எங்கள் தாத்தா ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன், பிரெஞ்சு பாஸ்போர்ட், ஓட்டு புதுச்சேரியிலேயே. பிரெஞ்சு அதிபர் தெ கோல் காலத்திலிருந்து வலதுசாரிக்குத்தான் போடுகிறார். 2017 பிரெஞ்சு அதிபர் தேர்தல் பேச்சை எடுத்தால் மட்டும் இன்றும் முகம் சிவந்துவிடும், "கைக்கு வந்த தேர்தலை ஒருத்தன் பிடிவாதத்துல விட்டுட்டானுங்க" என்பார். எனக்குப் புரியாதது இதுதான்: அதிபராக இருந்த சோஷலிஸ்ட் ஓலாந்த் மறுபடி நிற்கவே இல்லை, சோஷலிஸ்டுகள் கந்தலாகிக் கிடந்தார்கள், அப்படியிருக்க வலதுசாரி வேட்பாளர் பிரான்சுவா ஃபியோன் மேல் புகார் வந்ததும் கட்சி வேறு ஆளை நிறுத்தியிருக்கலாமே? நம் ஊரில் தலைமை நினைத்தால் ஒரே ராத்திரியில் வேட்பாளர் மாறிவிடுவார். அங்கே என்ன தடை?

சேன் கரை:
ஃபியோனை வேட்பாளராக்கிய பிரைமரியில் (கட்சி வேட்பாளரைப் பொதுமக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது) 2 யூரோ கொடுத்து, வலது மற்றும் மைய அணியின் கொள்கைகளை ஏற்கிறேன் என்று கையெழுத்தும் போட்டு வாக்களித்தவன் நான், அதனால் என் வயிற்றெரிச்சலையும் சேர்த்தே சொல்கிறேன். 2016 நவம்பரில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து வாக்களித்தோம். முதல் சுற்றிலேயே முன்னாள் அதிபர் சர்கோசி வெளியேறினார், இரண்டாவதில் ஃபியோன் 66 சதவீதத்துக்கு மேல் வாங்கி முன்னாள் பிரதமர் ஜுப்பேயைத் தோற்கடித்தார். நான் ஃபியோன் பக்கம் போனதற்கு ஒரே காரணம், சர்கோசியைக் குத்திக்காட்டி அவர் அந்த ஆகஸ்டில் கேட்ட கேள்வி: ஜெனரல் தெ கோல் நீதிபதி முன் விசாரணைக்கு நிற்பதைக் கற்பனை செய்ய முடியுமா? ஆகா, சுத்தமான மனுஷன் என்று நினைத்தேன்.

2017 ஜனவரி 25, லெ கனார் அன்ஷெனே பத்திரிகை போட்டு உடைத்தது. ஃபியோனின் மனைவி பெனலோப் நாடாளுமன்ற உதவியாளர் என்ற பெயரில் வருஷக்கணக்கில் சம்பளம் வாங்கியிருக்கிறார், முதல் செய்தியிலேயே சுமார் 5 லட்சம் யூரோ, வேலை செய்ததற்குத் தடயம் இல்லை. மறுநாள் ஃபியோன் டிவியில் வந்து, முறைப்படி விசாரணைக்கு உட்படுத்தினால் விலகிவிடுவேன் என்றார். மார்ச் 1-ல் நீதிபதிகள் அழைத்திருக்கிறார்கள் என்று அவரே அறிவித்தார், ஆனால் விலக மாட்டாராம். அப்புறம் யாரோ பரிசாகக் கொடுத்த 13,000 யூரோ சூட்டுகள் வேறு. அரசு ஊழியர்களில் 5 லட்சம் இடங்களைக் குறைப்பேன், எல்லோரும் சிக்கனமாக இருங்கள் என்று சொன்னவர்தான் இவர்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தடையே அந்தப் பிரைமரிதான். கட்சித் தலைமை கொடுத்த டிக்கெட்டாக இருந்தால் பறித்திருக்கலாம், இது மக்கள் கொடுத்தது, தானாக விலகினால்தான் உண்டு. புது ஆள் நிற்க வேண்டுமென்றாலும் மக்கள் பிரதிநிதிகள் 500 பேரின் கையெழுத்து வேண்டும், அதுவும் வேட்பாளர் பெயரில், கெடு மார்ச் 17. மாற்று ஆள் யார் என்பதிலும் ஜுப்பே ஆட்களுக்கும் சர்கோசி ஆட்களுக்கும் ஒத்துப்போகவில்லை, கடைசியில் மார்ச் 6-ல் ஜுப்பேயே 'நான் வரமாட்டேன்' என்று கதவைச் சாத்திவிட்டார்.

மழைக்குடை:
சேன் கரை சொன்ன தகவலெல்லாம் சரி, கோபம்தான் தப்பான ஆள் மேல். மார்ச் 5-ம் தேதி பாரிஸ் திரொக்காதெரோவில் ஃபியோனுக்காகக் கூடிய கூட்டத்தில் நானும் மழையில் நனைந்துகொண்டு நின்றேன், அங்கே வந்த குடும்பங்கள் பெனலோப்புக்காக வரவில்லை, அவருடைய திட்டத்துக்காக வந்தார்கள். எங்களுக்கு எரிச்சல் கட்சிப் பெரிய மனிதர்கள் மேல்தான். கப்பல் ஆடியதுமே பிரச்சார இயக்குநர், செய்தித் தொடர்பாளர் என்று வரிசையாகக் குதித்து ஓடினார்கள். அப்படி விலகிய ப்ரூனோ லெ மேர் அதே மே மாதம், தேர்தலில் வென்ற மக்ரோனின் அமைச்சர்! இவ்வளவுக்குப் பிறகும் முதல் சுற்றில் ஃபியோன் 72 லட்சம் ஓட்டு வாங்கினார், 20.01 சதவீதம், இரண்டாவதாக வந்து இறுதிச் சுற்றுக்குப் போன தீவிர வலதுசாரி லெ பென்னுக்கு 21.30. எல்லோரும் கூட நின்றிருந்தால் அந்த இடைவெளி ஒரு பெரிய விஷயமா?

சேன் கரை:
கூட நின்றிருக்கலாம்தான், எதற்காக நிற்க வேண்டும்? வாக்குக் கொடுத்து மீறியவர் அவர். 2020-ல் நீதிமன்றமும் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது. நேரடித் தேர்தல் தொடங்கிய 1965-லிருந்து மைய நீரோட்ட வலதுசாரி வேட்பாளர் இல்லாத இறுதிச் சுற்றே கிடையாது, முதல் தடவையாக 2017-ல் நடந்தது. அந்தப் பெருமையும் நம் 2 யூரோவுக்குத்தான்.

பெயரில்லா வாக்காளர்:
இரண்டு பேரும் 2017-லேயே நிற்கிறீர்கள். அடுத்த தடவை, பொதுமக்களுக்கான பிரைமரியே வேண்டாம், கட்சி உறுப்பினர்கள் மட்டும் தேர்ந்தெடுக்கட்டும் என்று வலேரி பெக்ரெஸ்ஸைக் கொண்டுவந்தார்கள். அவர் மேல் ஊழல் புகார் எதுவும் இல்லை. ஆனால் யாருக்கும் அவர் மேல் ஆசையும் இல்லை. குடியேற்றம், பாதுகாப்பு என்று பேசினால் தீவிர வலதுசாரி வேட்பாளர் ஸெமூர் அவரைவிடச் சத்தமாகப் பேசினார், பொருளாதாரம் பேசினால் மக்ரோன் ஏற்கெனவே பாதியைச் செய்துவிட்டிருந்தார். சர்கோசி ஆதரவு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2022-ல் கிடைத்தது 4.78 சதவீதம். 5 தாண்டியிருந்தால் அரசு பெரும்பகுதிச் செலவைத் திருப்பித் தந்திருக்கும், தாண்டாததால் தன் தலையில் மட்டும் 50 லட்சம் யூரோ கடன் என்று அந்த அம்மா பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டியதாகிவிட்டது. ஃபியோனை மாற்றியிருந்தாலும் இந்தக் கட்சி தேறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வில்லியனூரான்:
எல்லோருக்கும் நன்றி. தாத்தாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். மழைக்குடை எழுதியதற்கு "அதான் சரி" என்றார், சேன் கரை எழுதியதற்கும் "அதான் சரி" என்றார். அப்படியானால் 2017-ல் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். முதல் சுற்றில் ஃபியோனுக்குத்தானாம், வரிசையில் நிற்கும்போதே திட்டிக்கொண்டு. இரண்டாம் சுற்றுக்கு ஓட்டுச்சாவடிப் பக்கமே போகவில்லையாம்.