திருவாரூரில் நண்பர் வீட்டில் தங்கித் தாத்தாவின் ஊரைத் தேடிய அனுபவம்

பாட்டனாரின் ஊரைப் பார்க்க மலேசியாவிலிருந்து தமிழகம் செல்வோர் விடுதியில் தங்குவது நல்லதா, அறிந்தவர் வீட்டில் தங்குவது நல்லதா என்று என்னிடம் சிலர் கேட்பதுண்டு. இரண்டு விதமாகவும் சென்று வந்தவள் என்ற முறையில், அறிந்தவர் வீடு என்றே சொல்வேன்.

என் தாத்தா 1937-இல் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவினார். மறு ஆண்டே தோட்டங்களுக்குத் தொழிலாளர் அனுப்புவதை அன்றைய இந்திய அரசு நிறுத்திவிட்டது. அடுத்துப் போர் வந்தது. கடிதப் போக்குவரத்தும் அறுந்து போயிற்று. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் மட்டுமே எங்களுக்கு மிஞ்சின.

முதல் முறை தஞ்சாவூரில் விடுதியெடுத்து, வாடகைக் காரில் அந்த ஊருக்குப் போனேன். தேநீர்க் கடையில் இருந்தவர்கள் மரியாதையாக உட்கார வைத்து, “யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?” என்று கேட்டார்கள். யார் வீட்டுக்கும் வரவில்லை என்றதும் பேச்சு நின்றுவிட்டது. நிலத்தில் உரிமை கேட்டு வந்திருக்கிறேனோ என்று அவர்கள் ஐயுற்றது பின்னர்தான் எனக்குத் தெரிய வந்தது. அந்த ஐயத்தில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

2023 பொங்கலுக்குத் திருச்சி வழியாக மீண்டும் சென்றபோது, முன்பு பினாங்கில் என்னுடன் பணியாற்றிய நண்பரின் திருவாரூர் வீட்டில் தங்கினேன். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர்கள் 24 மணி நேரத்திற்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால், அன்றிரவே அவர் என் கடவுச்சீட்டை வாங்கி இணையத்தில் படிவத்தை நிரப்பி முடித்தார். வீடுகளில் தங்குவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை. செல்லுமுன் நண்பரிடம் நினைவூட்டி வையுங்கள்.

நண்பரின் தந்தை ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவரே என்னை அந்த ஊருக்கு அழைத்துச் சென்றார். அதே கடை, அதே கேள்வி. ஆனால் இம்முறை “நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்க” என்று அவர் சொன்னதும், அவரிடம் படித்த ஒருவர் எழுந்து சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு எங்களுடன் நடந்தார். அய்யனார் கோயில் பூசாரி, அந்தக் கோயிலைக் கும்பிடும் பங்காளிகளின் வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். தன் சிற்றப்பா ஒருவர் பினாங்குக்குக் கப்பலேறிப் போனார் என்று அவர் தந்தை சொல்லிக் கேட்டிருந்தாராம். தாத்தாவின் பெயரைக் கேட்டதும் திண்ணையில் இடம் ஒதுக்கி உட்கார வைத்து, “காணியில பங்கு கேக்கவா வந்தே?” என்று சிரித்தபடியே கேட்டார். “பங்கெல்லாம் வேண்டாம், பொங்கல் இருந்தாக் குடுங்க” என்றார் ஆசிரியர். அதன்பின் பேச்சு உச்சிவேளை வரை நீண்டது.

இப்படித் தங்குவதில் சிரமம் இல்லை என்று சொல்லமாட்டேன். நண்பரின் தாயார் விடியற்காலையிலேயே வெந்நீர் போட்டுவிட்டுக் கதவைத் தட்டுவார். பசியில்லை என்ற சொல் அவர் காதில் விழாது. சாப்பிட்ட தட்டைக் கழுவ விடமாட்டார். என்னைப் பார்க்க உறவினர்கள் மாலைதோறும் வந்துகொண்டே இருந்தனர். தனிமை விரும்புவோர் இதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்வது நல்லது. பணம் கொடுக்க முனைந்தால் மனம் வருந்துவார்கள். நான் கொண்டுபோன கோடாலித் தைலம் மட்டும் தெரு முழுவதும் பங்கு போய், எனக்குத் தலைவலி வந்த நாளில் ஒரு புட்டிகூட இல்லாமற் போயிற்று.

அடுத்த தைப்பூசத்துக்கு அவர்கள் பினாங்குக்கு வருவதாக முடிவாகியிருக்கிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் என்று சொன்னேன். முழங்கால் வலியைக் காரணம் காட்டி ஆசிரியர் தயங்குகிறார், அம்மா இப்போதே ஏறத் தயார்.