புதுப்பிப்பு: ஏர் பிளான்ட் டெரேரியத்தில் அடி அழுகல்

மேசை டெரேரியம் (கண்ணாடிக் கிண்ணத்துக்குள் செடி வளர்ப்பது) பற்றிய முந்தைய பதிவில், மண்ணில்லாமல் இலை வழியே நீர் உறிஞ்சி வளரும் ஏர் பிளான்ட்டை வாரம் ஒருமுறை 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லியிருந்தேன். அடி கறுத்து இலை உதிர்வதாகச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஊறவைப்பதால் அல்ல, அதன்பின் காயாததால்தான் அழுகுகிறது. சென்னைப் புழுக்கத்தில் இலையிடுக்குத் தண்ணீர் லேசில் வற்றாது. தலைகீழாக உதறி, மின்விசிறிக்கடியில் கவிழ்த்து வையுங்கள்; 4 மணி நேரத்துக்குள் முழுக்கக் காய வேண்டும், அப்புறம்தான் கிண்ணத்துக்குள். மூடி போட்ட ஜாடி வேண்டவே வேண்டாம். கிண்ணத்தின் அடியில் 2 செ.மீ. கூழாங்கல் போதும், ஈரப் பாசி கூடாது. செம்புக் கம்பியால் கட்டாதீர்கள், இந்தச் செடிக்கு அது நஞ்சு. போர்வெல் தண்ணீரின் உப்பு, நீரை உறிஞ்சும் நுண்ணிய இலைச் செதில்களை அடைத்துவிடும்; மழைநீர் உத்தமம். ஏசி அறையில் இலை உள்பக்கமாகச் சுருண்டால், வாரம் இருமுறை ஊறவையுங்கள்.